வெறுங்கையால் தொடக்கூடாத ஒரு கிலோ

மகளே,

சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே நீலத் துணி, அதற்குள் எவர்சில்வர் போல மின்னுகிற ஒரு எடைக்கல். சரியாக ஒரு கிலோ. இன்று காலை விளக்குக்குத் திரி போடும்போது பெட்டியைத் திறந்தேன். கல்லில் என் முகம் சிறுத்துத் தெரிந்தது. உன்னிடம் பேசியே ஆகவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்தக் கல்லைத் தந்தவள் உன் மகள் புவனா. நீ போனபோது அவளுக்குப் பத்து வயது. பௌதிகம் படித்து, ஜெர்மனியில் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பினாள். இப்போது நாட்டின் அளவை ஆராய்ச்சிக் கூடத்துக்கே அவள்தான் தலைவி. இந்த நாட்டில் ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு என்று முடிவாகச் சொல்கிற இடமாம் அது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த ஒருத்தி அந்த நாற்காலியில் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. தலவாக்கலை பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட இதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இறங்கினால் சாமானை மறந்துவிட்டு இறங்கிய மாதிரி இருக்கிறது.

போன மாதம் அவள் தோட்டத்துக்கு வந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டு, மேனேஜர் துரையே மாலை போட்டார். நீ உயிரோடு இருந்தபோது உன் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லாத ஆபீஸ், "எங்கள் தோட்டத்தின் பிள்ளை" என்று பேனர் கட்டியிருந்தது. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

வீட்டுக்கு வந்துதான் பெட்டியைத் தந்தாள். கல்லை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அய்யோ அம்மாயி, வெறுங்கையால தொடாதீங்க! கைப்பிசுக்கு பட்டா எடை கூடிப்போயிரும்."

"பிசுக்குக்கு என்னாடி எடை?"

"இருக்கு அம்மாயி. அதையும் அளக்க எங்ககிட்ட மெஷின் இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீதான் கண்முன் வந்து நின்றாய்.

உனக்கு மறந்திருக்காது. புவனாவுக்குப் பத்து மாதம். அன்று காலை டிஸ்பென்சரியில் மருத்துவச்சி அவளை நிறுத்து, ஒன்பது கிலோ என்று அட்டையில் எழுதித் தந்தார். அந்தி நிறுவைக்கு நீ பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டிருந்த அவளைத் தூக்கிக்கொண்டே கொழுந்து மடுவத்துக்கு வந்தாய். கணக்கப்பிள்ளை உன் கொழுந்தை நிறுத்துவிட்டு, "பதினாலு. அரப் பேரு" என்றார். பதினாறு தேறினால்தான் முழு நாள் வேலை. நீ கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெறுங்கூடைக்குள் பிள்ளையை உட்கார வைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினாய்.

"என்னா புள்ள இது, வெளயாட்டா?"

"கொழுந்த நிறுத்தீங்கல்ல ஐயா, இதையும் நிறுங்க."

முள் ஏழில் நின்றது. கூடையோடு சேர்த்தே ஏழு.

"காலையில ஒம்பது கிலோ இருந்த புள்ள! ரெண்டு கிலோவ யாரு தின்னது? கையத் தின்னீங்களா, காலத் தின்னீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தொர பங்களாவுல தேடிப் பாருங்கடி!" என்று ராக்காயி அக்கா பின்னாலிருந்து கத்தினாள். கூடைக்குள் புவனாவும் கைதட்டிச் சிரித்தாள்.

நான் மட்டும், லயத்துக் காம்பராவிலிருந்து இறக்கிவிடுவார்களே என்று பயந்தேன். மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் வாசலில் போய்க் கும்பிட்டு நின்றேன். "டிஸ்பென்சரி தராசுதான் பிழைங்க ஐயா. எம் மகளுக்கு வாய்க்கொழுப்பு, மன்னிச்சுக்கங்க." உன் காதுக்கு அது மத்தியானமே வந்துவிட்டது. நீ என்னைத் திட்டவில்லை. சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நீயும் எம் புள்ளைய ரெண்டு கிலோ கொறச்சிட்டியேம்மா."

கும்பிட்டும் என்ன பயன்? காம்பரா மிஞ்சியது, ஆனால் உன்னை ஏழாம் நம்பர் மலைக்கு மாற்றினார்கள். செங்குத்து மலை, குளவிக்கூடு தொங்குகிற மரங்கள். வாய் பேசுகிறவர்களை அனுப்புகிற மலை என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வருஷம் அங்கேயே கொழுந்தெடுத்தாய். புவனா புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருஷம் குளவி கலைந்தது. உன்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தபோது முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை, மகளே. உன் கருமாதி அன்றுதான் அவள் பாஸ் என்று தபால் வந்தது.

மடுவத்தில் நடந்ததை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் ஆபீஸ் வாசலையும் சொல்ல வேண்டுமே. அதனால் அன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன்: "அப்ப நம்ம மடுவத்துத் தராசையும் ஒரு பார்வ பாத்துட்டுப் போயேன்."

"அது எங்க வேலை இல்ல அம்மாயி. தராசு பாத்து முத்திரை குத்துறது வேற டிபார்ட்மென்ட். நான் கைய வச்சா பெரிய பிரச்சினை ஆயிரும்." கடிகாரத்தைப் பார்த்தாள். வாசலில் கார் நின்றது.

கைப்பிசுக்கை நிறுக்க மெஷின் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு கிலோ, ஒவ்வொருத்திக்கும், இத்தனை வருஷமாக. அதைப் பார்ப்பது யார் வேலையும் இல்லை.

அவள் போன மூன்றாம் நாள், பெட்டியோடு மடுவத்துக்கு நடந்தேன். இப்போது முள் தராசு இல்லை, சிவப்பு எழுத்து மின்னுகிற தராசு. நிறுக்கிற தம்பி புதுசு.

"என்னா பாட்டி இது?"

"ஒரு கிலோ. எம் பேத்தி குடுத்தது. எத்தனன்னு காட்டச் சொல்லு."

அந்த நீலத் துணியில் முடிந்து கொக்கியில் தொங்கவிட்டேன். ஒன்று என்று வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

"அது சாக்குக்கும் ஈரத்துக்கும் செட் பண்ணி வச்சிருக்கு பாட்டி. சின்னச் சாமானுக்குச் சரியாக் காட்டாது."

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். கழித்தல் குறி எனக்குத் தெரியும்: ஒரு கிலோவை மாட்டியும் ஒன்று குறைகிறதென்றால், அதே இரண்டு கிலோதான்.

வரிசையைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "அன்னைக்கு டிஸ்பென்சரி தராசு சரியாத்தான் இருந்துச்சு. பொய் சொன்னது நான்." பாதிப் பேருக்கு எதைச் சொல்கிறேன் என்றே தெரியாது. ராக்காயி அக்காவின் மகள் மட்டும் சாக்கை இறக்காமலே திரும்பி, "இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது, ஆயி" என்றாள்.

வீட்டுக்கு வந்து புவனாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஆபீஸ் வாசலையும் சேர்த்து.

"அம்மா என்னையவா நிறுத்தாங்க?"

"ஒன்னயத்தான்."

"எத்தன காட்டுச்சு?"

"ஏழு."

அந்தப் பக்கம் காகிதத்தில் எதையோ குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிப் பாக்கிறேன் அம்மாயி" என்றாள். யாருக்கு, எப்போது என்று நான் கேட்கவில்லை. கும்பிட்டு நின்றவளுக்கு அதைக் கேட்க ஏது வாய்? அவளும் மாலை போட்டவர்களோடு நின்று போட்டோ எடுத்தவள். என் இரத்தம்தானே அவளுக்கும்.

நிறுவை நேரத்துக்கு இப்போது தினமும் போகிறேன். அந்தத் தம்பி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நான் கல்லைத் தொங்கவிட்டு, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். துணியால் எடுப்பதில்லை. கொழுந்துக் கறை போகாத இதே வெறுங்கையால்தான் எடுக்கிறேன். என் கைப்பிசுக்கு ஏறி, இப்போது அது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

கூடட்டும் மகளே.