கிரகணம் பார்த்த ஃபிலிம்

டொராண்டோ, 12.3.2011

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் மூட்டுவலி இப்போது தேவலையா? நான் நலம்.

மூளையில் கட்டி இருக்கும் இடத்தில் அமிலம் கூடும், அதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளப்பதுதான் இங்கே என் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத தலை வேண்டுமென்று செவ்வாய்க்கிழமை நானே படுத்தேன். படத்தில் ஓரிடத்தில் அமிலம் லேசாகக் கூடியிருக்கிறது. பழைய காயமாகவும் இருக்கலாம், முந்தைய படம் இருந்தால் தெரிந்துவிடும் என்கிறார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை.

பத்து வயதில் மாடிப்படியில் விழுந்தபோது தஞ்சாவூரில் எடுத்த தலை ஸ்கேன் ஃபிலிமைக் கூரியரில் அனுப்புங்கள். போன வருஷம் சூரிய கிரகணம் பார்க்கத் தம்பி அன்சார் வெட்டிய துண்டுகளும் வேண்டும், ஒன்றுகூட விடாதீர்கள். அம்மாவிடம் விசாவுக்கு என்று சொல்லுங்கள். இடமிருந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் வையுங்கள்.

லேபில் கூப்பிடுகிறார்கள். அன்சாரைத் திட்டாதீர்கள், அத்தா. வெட்டச் சொன்னதே நான்தான்.

உங்கள் மகள்
நுஸைபா