ஒன்றும் இல்லை என்ற முடிவு

சின்ன முதலாளிக்கு, அப்பா எழுதுவது.

"நாலு வருஷம் தேடியும் அந்த நட்சத்திரத்துலேர்ந்து காமா கதிர் எதுவும் வரலப்பா. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுக்க வெக்கமா இருக்கு. வேலையை விட்டுட்டு வரேன்" என்று போனில் சொன்னாய். தாராளமாக வா, கடை இருக்கிறது. வரும் முன் இதைப் படித்துவிடு.

கதிர் மேலே காற்றில் மோதி, துகள்களாகச் சிதறிக் கீழே கொட்டும், அதற்கு ஷவர் என்று பேர் என்று நீ முதலில் சொன்னபோது, குளியலறைச் சாமான் விற்கிற நான், மகள் நம் தொழிலுக்கே வந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அது விழுவதற்காகத் தரையெங்கும் கருவிகளைப் பரப்பிவைத்துக் காத்திருப்பீர்கள் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது.

நேற்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். நீ பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா ஸ்கேனில் ஓர் இடம் விடாமல் தேடிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இவருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் அம்மா. அவள் மூக்கும் சிவந்துதான் இருந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லையே, இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம் என்று அந்த டாக்டரம்மாவை நாங்கள் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

நீயும் ஓர் இடம் விடாமல்தானே தேடினாய்? அப்படியானால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதுவரை இங்கே ஷவரை நான் விற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெரிய முதலாளி