பிணம் கேட்கும் பாட்டு

கூட்டாளி,

நேற்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் பெண்ணின் கைப்பையிலிருந்து உன் பாட்டு வந்தது. செல்போன் மணி. அவள் எடுத்து, "சொல்லுங்கம்மா, பால் வாங்கியாச்சு" என்றாள். மடியிலிருந்த காலி மீன்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நான் எழுத்தறியாதவள் என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அந்தப் பாட்டு பிறந்த கதை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உன் தம்பி கடலுக்குப் போனான், படகு மட்டும் திரும்பியது. பிணம் இல்லாமல் ஒப்பாரி வைத்தால், பாட்டு தனக்கொரு பிணத்தைத் தேடிப் போகும் என்பார்கள் நம் குப்பத்தில். அதனால் உலக்கையைக் கிடத்தி, தம்பி வேட்டியைப் போர்த்தி, மாரடித்தாய்: "அலைமேலே போன ராசா, கரை உனக்குக் கசந்துபோச்சா?" அது உன் கல்யாணத்துக்குச் செய்யூரிலிருந்து சீராக வந்த உலக்கை. அதால் இடித்த மாவில் நீ சுட்ட அதிரசத்துக்கு ஒரு சண்டையே நடந்தது. அது வேறு கதை.

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். நீ பாட மறுத்தாய். "பாடேன், ஊரே கேக்குமே" என்று நச்சரித்தவள் நான்தான். மறுபடி உலக்கையைக் கிடத்தினோம்.

"இது எதுக்குங்க?" என்றார் அவர்.

"அதுக்குத்தான் பாட்டு. மைக்க அதுகிட்ட வச்சிடாத, அது பாடாது" என்றாய். விழுந்து விழுந்து சிரித்தோம்.

கேசட் செங்கல்பட்டுக் கடைகளுக்கு வந்தது. அடுத்து யாரோ ஒரு பாடகி கீபோர்டு வைத்துப் பாடினாள். அப்புறம் கல்யாண பேண்டுக்காரர்கள். சொல்லே இல்லை, கிளாரினெட் மட்டும். தேர்தலில் ராசா இருந்த இடத்தில் வேட்பாளர் பெயர். ஆடி மாதத்துக்கு, "அலைமேலே வந்த தாயே, கரை உனக்குப் பிடிச்சிருக்கா?" மெட்டு ஒன்றேதான். இவர்கள் யாரும் உலக்கையைக் கிடத்தவில்லை. எங்கே கேட்டாலும் நான் கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். பாட்டு இப்போது யாரைத் தேடுகிறது?

அப்படி ஓர் ஆடியில், காலையில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் பொழுது சாயத் தொடங்கியும் வரவில்லை. மேற்கே கறுத்துக் காற்று திரும்பிவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் உன் மெட்டு. ஓடினேன், நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அம்மன் பாட்டும்மா. நிறுத்துனா சாமி குத்தம், பேஜாரு பண்ணாத" என்றார் மைக்செட்காரர். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ வந்தாய். "இன்னாம்மே, இப்டி குந்திகினு கீற?"

"பாட்டு அவரத் தேடிகினு போவுது. ஒரு உலக்க கொண்டாயேன்."

"கோயிலாண்ட உலக்கைக்கு எங்க போவேன்? பாட்டுக்கு ஒரு ஆளு வேணும், அவ்ளோதான?"

சொல்லிவிட்டு ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் நீட்டிப் படுத்தாய். முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாய். உள்ளேயிருந்து, "நல்லா அழுவுடி. ஓசிப் பொணம்னு கொறச்சலா அழுவாத" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டு முடியும்வரை உன்மேல் விழுந்து அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். இன்ஜின் பழுதாகி, வேறு படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நீ புடவை மணலைத் தட்டிக்கொண்டு, குழம்புக்கு மீன் கேட்டு வாங்கிப் போனாய்.

தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய். மஞ்சள் காமாலை என்றார் டாக்டர். அவர் படித்தவர். உன் தலைமாட்டில் எல்லோரும் என்னைப் பாடச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கான ஒப்பாரியை ஆடியிலேயே அழுது முடித்திருந்தேன்.

இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் கரையேறும்போதெல்லாம் உயிர் வருகிறது, உடனே நீ கம்பத்தடியில் படுத்திருந்தது கண்முன் வந்து நிற்கிறது.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நைனாவாண்ட சொல்லட்டா?" என்கிறாள்.

"வேணாம்டி. நாளைக்கு அவரு கடலுக்குப் போவணும்."

அவள் தலையாட்டுகிறாள். இவளிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போதுதான் உறைக்கிறது. நாளைக்கு அவர் வரத் தாமதமானால், கம்பத்தடியில் போய் என்ன செய்ய வேண்டும் என்று இவளுக்கும் தெரிந்துவிட்டது.