நெய் வாசனை போகக் கழுவிய கை

ஆகஸ்ட் 4, 1998, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கடையில் மைசூர்பாகு மூன்று தட்டு, ஒன்று இறுகிப்போச்சு. முதலாளி கத்தல்.
கிளம்பும்முன் வழக்கம்போல் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்தேன். சட்டையும் மாற்றியாச்சு. ரம்யாவுக்கு வாசனை தெரியக்கூடாது. "இவளுக்குச் செல்லுக்குள்ள கொழுப்பு தேங்குது" என்று இங்கே உள்ளூர் டாக்டர் சொன்னதிலிருந்து ரெண்டு வருஷமா வீட்டில் நெய், வெண்ணெய், முட்டை கிடையாது. அவ்வளவு கழுவியும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, துப்பா!" நெய்க்கு அவள் இந்த ஊர்க் கன்னடம்தான் சொல்வாள். எட்டு வயசு, நாக்கு குழறுகிறது. படியில் மறுபடி விழுந்தாளாம்.
வியாழன் பெங்களூர். எடுக்க: ரிப்போர்ட், துண்டு 2, கஞ்சி ஃப்ளாஸ்க்.

ஆக. 6, வியாழன்
பெரிய டாக்டரம்மா. பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டினார்.
"கொழுப்பு எல்லா செல்லுக்கும் வேணும். செல்லுக்குள்ள இருக்கிற இந்தச் சின்னப் பையில வந்து இறங்குது. இங்கிருந்து எடுத்து மத்த சவ்வுகளுக்குக் கொண்டுபோக ஒரு புரதம் வேணும். இவளுக்கு அது வேலை செய்யல. அந்தப் புரதத்தையே போன வருஷம்தான் கண்டுபிடிச்சாங்க."
எங்கள் கடையை வைத்து எனக்குப் புரிந்தது. நெய் டின் எல்லாம் ஸ்டோர் ரூமில். அடுப்புக்குத் தூக்கிவர ஆளில்லை.
மருந்து? இல்லையாம்.
அவள் அம்மா பத்மா பெருமையாகச் சொன்னாள், "ரெண்டு வருஷமா ஒரு சொட்டு நெய் குடுக்கலைங்க மேடம்."
"சாப்பாட்டால வர்றதில்லம்மா. கொழுப்பை உடம்பே செஞ்சுக்கும். நீங்க குடுத்திருக்கலாம்."
திரும்பும் பஸ்ஸில் மத்தூர் வரை பத்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆக. 7, வெள்ளி
வேலைக்குப் போனேன். பாகு கிண்டும்போது அழுகை. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.
போன பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேட்டாள். கையில் அடித்தேன். ஒரே ஒரு துண்டு. அப்போது நன்றாக மென்று விழுங்குவாள். இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. நான் ஒரு மடையன். ஐயோ, அடித்தேனே.

ஆக. 8, சனி
மத்தியானமே கிளம்பிவிட்டேன். கை கழுவவில்லை.
குழைந்த சோற்றில் நெய் விட்டு பத்மா ஒரு ஸ்பூன் ஊட்டினாள். இறங்கவில்லை. புரையேறி, மூக்கு வழியாக வந்து, கண் செருகி. முதுகைத் தடவியே அரைமணி. இனி வேண்டாம் என்று பத்மா கிண்ணத்தை எடுத்துப் போய்விட்டாள்.
ரம்யா என் கையை இழுத்து மோந்தாள். "துப்பா" என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு உடம்பு துவண்டுவிடும், அதுவும் இந்த நோய்தானாம். அதனாலேயே வீட்டில் யாரும் அவளைச் சிரிக்க வைப்பதில்லை. மடியில் சரிந்தாள். கையை மட்டும் விடவில்லை. மூக்கிலேயே வைத்திருக்கிறாள்.
இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல்.