ஆடு விரட்டும் சத்தம்

இன்று காலை பழைய லேப்டாப்பில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது நம் கல்லூரி புராஜக்ட், அந்த ஆடு விரட்டும் கேம், கண்ணில் பட்டது. ஓட்டிப் பார்த்தேன். திரையில் பருத்திக் காட்டுக்குள் ஆடு நுழைந்தது. ஸ்பேஸ் பட்டனை அழுத்தினேன். ஆடு ஓடி மறைந்த பிறகுதான் "ட்ரோ... ஹேய்!" என்று உன் குரல் வந்தது. மஞ்சள் காமாலையில் நீ போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு உன் குரலை இப்போதுதான் கேட்கிறேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பைத்தானில் கோடு எழுதுவது நான், சத்தங்கள் சேர்ப்பது நீ என்று பிரித்துக்கொண்டோம். இணையத்தில் கிடைத்த சத்தம் எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. "இதக் கேட்டா எங்கூரு ஆடு நின்னு சிரிக்கும்ட்டி" என்றாய். புதூர்ப் பக்கம் உன் ஊருக்குப் போனோம். மழைக்கு மறுநாள், செருப்பில் கரிசல் அப்பி இரண்டு பேரும் உயரமாகியிருந்தோம். எனக்குக் கத்த வரவில்லை. நான் செல்போனில் பதிவு செய்ய, நீ கத்தினாய். தூரத்தில் மேய்ந்த மந்தை மிரண்டு சிதறியது. ஆட்டுக்காரர் கம்போடு வந்தார்.

"எதுக்குட்டி சும்மா நிக்க ஆட்ட வெரட்டுத?"

"கம்ப்யூட்டருக்கு, மாமா."

"ஓ, கம்ப்யூட்டர்ல பருத்தி போட்டிருக்கியளோ?"

"ஆமா, ரெண்டு ஏக்கர்!"

அவரும் சிரித்துவிட்டார்.

சத்தத்தைச் சேர்த்த அன்றே நீ சொன்னாய்: "பிந்தி வருதுட்டி. ஆடு போன பெறவு கத்தி என்ன செய்ய?" உன் பதிவின் முன்பகுதியில் வெற்றிடம் இருக்கும், வெட்டு என்றேன். மூன்று முறை வெட்டினாய். "ஒன் கோட ஒருக்கா பாரேன்" என்றாய். பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கப்போகிறவள் நான். கோடு தப்பாது என்பது ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்த பெருமை.

வாய்மொழித் தேர்வில் சார் பட்டனை அழுத்தினார். "ஆடு வீட்டுக்குப் போன பெறவு வெரட்டுதீங்களோ?" என்றார். அறையே சிரித்தது. "நாந்தான் சார் ரெக்கார்ட் பண்ணேன், சரியா வரல" என்றாய். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'ஒலிப்பதிவில் குறை' என்று உன் பெயர் போட்டுத் தட்டச்சு செய்ததும் நான்தான். வெளியே வந்ததும், "விடுட்டி, பாஸாயிட்டம்லா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாய்.

இன்று என் கோடு முழுவதையும் படித்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒலிக்கோப்பைப் புதிதாகத் திறந்து ஏற்றும்படி எழுதியிருக்கிறேன். அதில்தான் அந்தத் தாமதம். விளையாட்டு தொடங்கும்முன் ஒரு முறை ஏற்றி வைத்திருந்தால் போதும். ஒரே ஒரு வரியை மேலே நகர்த்தினேன். விரல் பட்டதும் உன் குரல் வந்தது. உன் பதிவையும் திறந்து பார்த்தேன். முன்னால் வெற்றிடம் துளிகூட இல்லை.

சாருக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான். "அந்த ஆட்டு கேம்ல சத்தம் பிந்துனது அவ தப்பு இல்ல சார். என் தப்பு. ரிப்போர்ட்ல மாத்தணும்."

அவருக்கு நம் இருவரையும் நினைவில்லை. உன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "சரிம்மா, அந்தப் பிள்ளைய நேர்ல வந்து ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லு" என்றார்.

அதற்குப் பதில் என் தாளில் இல்லை. "சரி சார்" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். லெட்டரை எழுதி முடித்துவிட்டேன், என் பெயரில். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். நீ ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார். அந்த ஒரு வார்த்தையை இதுவரை யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.