சர்வருக்குச் சொல்லாத பெயர்

பிப்ரவரி 26, புதன்

பழைய சர்வர் இன்று காலை பத்தரைக்குச் செத்தது. மின்சாரம் போனது, வந்தது. சர்வர் மட்டும் வரவில்லை. ரோசா எஜே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் டப்பிங் ஸ்டுடியோவின் தலைவி அவர்; எஜே என்றால் அக்கா. நிற்கிற விதத்திலேயே கேள்வி இருக்கும்.

"பெரிசாத், நூருஸுக்கு இருபத்து மூணு நாள்தான் இருக்கு."

"ரெண்டு நாள்ல புதுசு ரெடியாகிடும் எஜே."

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாய் எப்போதும் என்னைவிட ஓரடி முன்னால் போகும்.

வசந்தப் புத்தாண்டான நூருஸ் அன்று கொச்கோர் கலாச்சார மன்றத்தில் 'தூங்காத கரடி' படம் முதன்முதலாகக் கிர்கிஸ் பேசப்போகிறது. ஐந்து ஊர் நூலகங்களில் தலா ஒரு மூலையைக் கம்பளத்தால் மூடி மைக் வைத்திருக்கிறோம். அங்கே பேசுவதெல்லாம் என் சர்வரில் வந்து இறங்க வேண்டும். 17-ஆம் தேதிக்குள் எல்லாக் குரலும் சேராவிட்டால் மன்றத்தில் ரஷ்ய மொழிப் படத்தைப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கரடி யார் என்றால், என் மாமனார்.

பிப்ரவரி 27

அவர் கொச்கோர்காரர், தோலோன் கணவாயில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்தார். மைக்கை ஒதுக்கிவிட்டுப் பேசினார். தொங்கும் விளக்குகள் ஆடின. விருந்துக்கு வந்திருந்த ரோசா எஜே அதை மறக்கவேயில்லை.

மாமியார் போனில் சொன்னார்: "படம் வர்றவரைக்கும் ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். ஊர்ல சொல்லல. பக்கத்து ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்துட்டாரு."

பிப்ரவரி 28, வெள்ளி

சொன்னபடி இரண்டே நாள்! புதுச் சர்வர் ஓடுகிறது. எனக்கு நானே ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன்.

கோப்புகளை வாங்கி வைக்கிற நிரல் திலெக் எழுதியது. இப்போது சியோலில் படிக்கிறான். அதன் அமைப்புகளை நிரலுக்குள் எழுதக் கூடாது, எல்லாம் சூழல் மாறிகளாக வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவன் பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான். நிரல் கண்விழிக்கிற நேரத்தில் அதன் காதில் ஆறு சேதி சொல்கிறோம்: கோப்புகளை இந்த அறையில் வை, இவ்வளவு பெரியதுவரை வாங்கிக்கொள், ஒரே நேரத்தில் இத்தனை பேரை உள்ளே விடு, இப்படி. மாறியின் பெயர் தெரிந்ததாக இருந்தால் கேட்டுக்கொள்ளும். தெரியாத பெயராக இருந்தால் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. தன் பாட்டுக்குத் தன் பழைய வழக்கப்படி நடக்கும்.

கோப்புகளைச் சுமப்பதால் அதற்கு 'ரயில்பாதை' என்று பெயர் வைத்தான். ஆறு மாறிகளும் அந்தப் பெயரில்தான் தொடங்கும். புதுச் சர்வரில் ஆறையும் நானே என் கையால் எழுதினேன். எங்கள் மொழியில் ரயில்பாதைக்கு இரண்டு சொல். பின்னது 'ஜோல்', பாதை. முன்னது லாடம் அடிக்கிற உலோகம். அந்த உலோகத்தின் பெயர்தான் என் மாமனாரின் பெயர்.

மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பிஷ்கெக்கில் இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? நானும் பார்த்திருக்க மாட்டேன். கல்யாண வீட்டில் என் கணவன் மக்சத்தின் பெரியம்மா, "டவுன் பொண்ணு, ஒரு மாசம் தாங்காது" என்றாள். புருஷன் வீட்டார் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். விடுவேனா? ஏழு மாதம் ஆகிறது. அந்த உலோகத்தை 'கட்டூ' என்கிறேன், கெட்டியானது என்று. கட்டூ வாளி, கட்டூ கதவு, கட்டூ ஜோல். இந்த நோட்டில்கூட அந்தச் சொல் கிடையாது.

மார்ச் 3, திங்கள்

கோப்புகளைக் காணோம்.

கொச்கோரிலிருந்து கரடி உறுமியது. 'வந்து சேர்ந்தது' என்கிறது பதிவேடு. நான் ஒதுக்கிய அறையைத் திறந்தால் காலி. ஒரு அமைப்பை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். மறுபடி காலி. பிறகு பதிவேட்டை ஊன்றிப் படித்தேன். எல்லாவற்றையும் தற்காலிக அறையில் கொட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை மறுபடி ஓடும்போதும் அந்த அறையைப் பெருக்கித் தள்ளிவிடுமாம். அதாவது உறுமலைக் கொன்றது நான்தான், சரிசெய்கிறேன் பேர்வழி என்று.

ஏன் என் அறைக்குப் போகவில்லை? சொன்னேனே. தெளிவாகச் சொன்னேனே.

மார்ச் 5

திலெக்கைப் போனில் பிடித்தேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

"எழுதினத ஒவ்வொரு வரியா படிங்க எஜே."

படித்தேன். கட்டூ ஜோல், கோப்பறை, இந்த இடம். கட்டூ ஜோல், அளவு, இவ்வளவு. ஆறு வரியும்.

"சரியாத்தான இருக்கு" என்றான். "மாமனார் சௌக்கியமா?" கிண்டல் வேறு.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். மக்சத் டூலிப் பூக்களும் இரண்டு கருகிய முட்டையும் கொண்டுவந்தான். மாமனார் போன் செய்தார். என்னை 'கெலின்' என்றுதான் கூப்பிடுவார், மருமகளே என்று. நேற்று மூன்றாவது முறையாக உறுமியிருந்தார். அதுவும் போயிற்று.

"கெலின், இன்னும் எத்தனை தடவைன்னு மொத்தமா சொல்லிடு. தொண்டையப் பிரிச்சுப் பிரிச்சு செலவு பண்றேன்."

"மன்னிச்சிடுங்கப்பா."

"எதுக்கு மன்னிப்பு? பக்கத்து வீட்டு நாய் இப்பல்லாம் குரைக்கறதே இல்ல. தெருவே உன்னை வாழ்த்துது."

அவர் சிரித்தார். எனக்குத்தான் முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10

தற்காலிக அறையிலிருந்து கையால் அள்ளலாம் என்றால், நான் அள்ளுவதற்குள் மின்சாரம் போய் வந்துவிடுகிறது. இன்று தலாஸ் ஊர் நரியின் குரலும் போயிற்று.

மார்ச் 13, வியாழன், கொச்கோர்

நூலகத்து மைக்கில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு நேரில் வந்தேன். மைக்குக்கு ஒன்றுமில்லை. மாமியார் தேநீர் ஊற்றினார். கிண்ணங்களுக்கு நடுவே மடிக்கணினியைத் திறந்துவைத்து, திலெக்கின் குறிப்புத்தாளையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

"எனக்கு ஒண்ணும் புரியாது. ரோட்டுல எங்க உடைஞ்சிருக்குன்னு இறங்கி நடந்து பாக்கத்தான் தெரியும். நடக்கட்டுமா?"

ஒரு விரல் தாளில், ஒரு விரல் திரையில். ஒரு வரி போனார். இரண்டாவது வரி. நிமிர்ந்தார்.

"கெலின், இந்தத் தாள்ல எல்லா வரியும் என்னை வெச்சுத்தான் ஆரம்பிக்குது. உன் பொட்டியில நான் எங்கயுமே இல்லையே."

பார்த்தேன். ஆறு வரியிலும் கட்டூ. கட்டூ ஜோல், கட்டூ ஜோல், கட்டூ ஜோல். பதினோரு முறை சரிபார்த்திருக்கிறேன்! திலெக்கிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். நான் வழக்கம்போல் மாற்றிச் சொல்கிறேன் என்று அவன் நினைத்தான். கையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. சர்வர் இரண்டு வாரமாக ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, நான் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியார் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசை முழுக்க. "ஒரு மாசம் தாங்காதுன்னாளே, அவளக் கூப்பிடுங்க! இவ மெஷின்கிட்டகூட சொல்லலையாம்."

"கையால எழுதலாமாம்மா?" என்று கேட்டேன்.

"வாய்க்குத்தான் வழக்கம். விரலுக்கு யாரு தடை போட்டா?"

"அவ எழுத வேணாம்" என்றார் மாமனார். "ஏழு மாசம் காப்பாத்தினத ஒரு மெஷினுக்காக ஏன் விடணும்? தள்ளிக்க."

சுட்டுவிரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ஆறு வரியிலும் தன் பெயரைத் தானே தட்டினார். மறுபடி ஓடவிட்டேன். நூலகத்துக்குப் போய் உறுமிவிட்டு வந்தார். கோப்பு என் அறையில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை ஓடவிட்டேன். அப்படியே இருந்தது.

அழுதுவிட்டேன். மாமியார் துணியைக் கையில் கொடுத்தார், கண்ணைத் துடைக்க அல்ல, மேசையைத் துடைக்க.

மார்ச் 17

மாலை நான்கு நாற்பது. தலாஸ் நரியும் வந்தாயிற்று. எல்லாக் குரலும் சேர்ந்தது! நான்காவது உறுமல் பிரமாதம் என்கிறார் ஒலிக்காரர். முதல் மூன்றில் நடித்திருப்பார். நான்காவது சந்தோஷத்தில் வந்தது.

மார்ச் 18

ரோசா எஜே என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"படம் முடிஞ்சதும் குரல் கொடுத்தவங்க பேரையெல்லாம் யாராவது வாசிக்கணும். நீயே வாசிச்சிடு. ஏழு பேருதான்."

"ஆறு வாசிக்கிறேன் எஜே."

"கரடிக்கு யாரும் பேசலேன்னு நெனச்சுக்குவாங்க. நாளை மறுநாள் மத்தியானத்துக்குள்ள வேணும்."

மார்ச் 20

வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லலாம். ஆனால் இந்தப் படத்தில் நானும் எங்காவது இருக்க ஆசைப்படுகிறேன், அதை மறைப்பானேன்? நேற்று பதிவறையில் தனியாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. பந்தயம் என்று ஆரம்பித்தது எப்போது வேறொன்றாக ஆனது? எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இன்று காலை பதிவு செய்தேன். "கரடி" என்று சொல்லி மூன்று நொடி காலியாக விட்டேன். பிறகு அவருக்குப் போன்.

"அப்பா, மூணு நொடி இடம் விட்டிருக்கேன். உங்க பேர நீங்கதான் வந்து போடணும்."

"உறுமணுமா?"

"வேணாம். சும்மா சொன்னா போதும்."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வந்து இறங்கியது, சரியான அறையில். நான் கேட்கவில்லை. அப்படியே ஒலிக்காரருக்குத் தள்ளிவிட்டேன்.

மார்ச் 21, நூருஸ்

மன்றத்தில் நிற்க இடமில்லை. குழந்தைகள் எண்ணெய்க் கையில் போர்சோக் பலகாரத்துடன் மடிக்கு மடி தாவின. கரடி உறுமியதும் முன்வரிசைப் பயல் ஒருவன் அம்மா மடிக்குள் புகுந்துகொண்டான். அடுத்த உறுமலுக்கு வெளியே வந்து பதிலுக்கு உறுமினான். மாமனார் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்தது. என் குரல் வந்தது. நரி, இன்னார். ஆந்தை, இன்னார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன வரப்போகிறது என்று அவருக்கும் தெரியாது.

"கரடி" என்றேன் நான், திரையிலிருந்து.

"தெமிர்" என்றது அவர் குரல். "பெரிசாத்தோட மாமனார்."

மொத்த அரங்கமும் திரும்பி என்னைப் பார்த்தது. முதலில் கைதட்டியது அந்தப் பெரியம்மா.

பின்குறிப்பு: மேலே இருக்கும் அந்தச் சொல் அவர் சொன்னது. நான் சொல்லவில்லை. ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது.