உமது டியூபாவில் என் மூச்சு

சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டேன். புளியும் பித்தளையும் கலந்த வாடை போகவில்லை. உம் வீட்டம்மா உமது டியூபாவை, அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலை, புளி போட்டுத் தேய்த்துத்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். தென்காசியில் சாரல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. "சும்மா கெடந்தா களிம்பு ஏறிரும் அண்ணாச்சி. நீங்களாவது ஊதுங்க" என்று போனில் சொன்னார். மூன்று நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான்காம் நாள் திறந்தேன்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைத் தளர்த்தி அடிவயிற்றிலிருந்து ஊதினேன். வந்தது பாரும், ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. காதில் கேட்பதற்கு முன்னால் விலா எலும்பில் கேட்டது. நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, "கொஞ்சம் சத்தமா சார்" என்று பையன்களைக் கெஞ்சவைத்தவன் நான். இறங்கும் இடம் தாண்டினாலும் கண்டக்டரைக் கூப்பிடத் தயங்குகிறவன். எனக்குள் இருந்தா இவ்வளவு பெரிய குரல்? எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. தனியாக, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சிரித்ததும் பயம் வந்தது. நீர் இருந்தபோதே நான் இதற்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேனோ?

நம் பேண்டு செட்டில் வெள்ளைக்காரன் காலத்து இந்த டியூபா உமக்கு, அதே ஜாதியில் சின்னக் குழலான யூபோனியம் எனக்கு. அடிநாதம் நம் இருவர் பொறுப்பு. நீர் மூச்சு எடுக்கும்போது நான் பிடிக்க வேண்டும், நான் எடுக்கும்போது நீர். கேட்பவருக்கு ஒட்டுத் தெரியக்கூடாது. எந்த இடத்தில் யார் மூச்சு என்று நான் தாளில் பென்சிலால் குறித்து வைப்பேன். "சார்வாள், மூச்சுக்குமா டைம்டேபிள் போடுவீரு?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்வீர்.

செங்கோட்டையில் அந்த மாப்பிள்ளை அழைப்பு. ஏற்றத்தில் நடந்தபடியே ஊதிக்கொண்டிருந்தோம். உமக்கு இளைத்தது. என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினீர். 'நீர் பிடியும்' என்று அர்த்தம். பார்த்தேன். ஆனால் தாளில் அது நான் மூச்சு எடுக்கும் இடம். மாற்றினால் தாளம் தப்பிவிடுவேனோ என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டு என் மூச்சை எடுத்தேன். நீர் தனியாக, முகம் கறுத்துப்போய், கடைசி வரை பிடித்தீர். முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தீர்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டீர். நெஞ்சுவலி, வயசு என்றார் டாக்டர். ஊதியதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உம் வீட்டம்மா வந்தார். நான் ஊதுவதைக் கேட்டுவிட்டு, "அவ்வோ ஊதுத மாதிரியே இருக்கு" என்றார். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. அன்னிக்கே சொன்னாவளே. 'சார்வாள் பார்த்துட்டு குனிஞ்சுக்கிட்டாரு'ன்னு."

"வேற என்ன சொன்னார்?"

"ஒண்ணுஞ் சொல்லல. சோறு கேட்டாவ. சாப்புட்டுப் படுத்துட்டாவ."

நீர் என்னைத் திட்டியதாகச் சொல்லியிருக்கலாம். பாவம், பயந்துட்டாரு என்றாவது சொல்லியிருக்கலாம். உம் வீட்டம்மா பொய் சொல்லத் தெரியாதவர்.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருநாள் ஐந்தருவிக்குப் போனோமே. என் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டீர். "என்ன சார்வாள், முதுகா இது, பலகையா?" என்று ஓங்கி ஒரு தட்டுத் தட்டினீர். அப்போதும் உமக்குத் தெரியும். அந்தக் கை இன்னும் என் முதுகில் இருக்கிறது. அது மன்னித்த கையா, மறந்த கையா என்று எந்த வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தும் எனக்கு விடை வரவில்லை.

டியூபாவைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். மறுநாள் காலையே எடுத்து ஊதினேன். நன்றாக வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் மூச்சு எடுக்கும் இடத்தில் இப்போது பிடிக்க ஆள் இல்லை, நாதம் அறுந்துபோக வேண்டும். அறுவதில்லை; அறையில் ஏதோ அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பெரிய குழல், பழைய பித்தளை, அப்படித்தான் இருக்கும் என்று புத்தி சொல்கிறது. ஆனாலும் மூச்சு எடுக்கும் அந்த ஒரு நொடி நான் குனிவதில்லை. நீர் பார்ப்பதானால் பார்த்துக்கொள்ளும் என்று முகத்தை நிமிர்த்தியே வைத்திருக்கிறேன்.